சுடாத சிப்

ஜூன் 28, சனி

மறுபடியும் டைரி எழுத ஆரம்பிக்கிறேன். வங்கியில் ஆய்வுப் பிரிவில் இருந்த காலம் முழுக்க எழுதினேன். எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் முதல் நாள் யாரிடமும் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்வார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எதைப் பற்றிப் பொய் சொல்வது என்று அவர்களுக்கே தெரியாது. எவன் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறான், எவன் போன் வந்தால் வாசலுக்கு ஓடுகிறான் என்று குறித்துவைத்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு குறித்துவைக்க எதுவும் இல்லாமல் போயிற்று. இன்று கிடைத்திருக்கிறது.

தாரணி வந்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வரவில்லை. கையில் ஒரு பை, ஆபீஸ் லேப்டாப், அவ்வளவுதான்.

"என்ன அம்மிணி, லீவா?"

"இல்லீங்கப்பா. வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதான் கொஞ்ச நாள் இங்க இருந்து பாக்கலாம்னு."

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். குறித்துக்கொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பிற்பாடு படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, நிலவரத்தை எழுதிவைக்கிறேன்.

என் மகள் வேலை பார்ப்பது வர்ணிகா சிலிக்கான் என்ற கம்பெனியில். கம்ப்யூட்டர் திரையில் படத்தை வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் சிப்பை வடிவமைக்கிறார்கள். இப்போது உலகத்துக்கே ஒல்லி லேப்டாப் மோகம். ஒல்லியாக இருக்க வேண்டுமென்றால் உள்ளே விசிறிக்கு இடம் கிடையாது. விசிறி இல்லையென்றால் சிப் சுடக்கூடாது. வர்ணிகாவின் புதுச் சிப் சுடாது என்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் என் ஓய்வுப் பணத்தில் பெரும்பங்கை அதன் பங்குகளில் போட்டிருக்கிறேன். வருகிற மாதம் வெளிநாட்டு லேப்டாப் கம்பெனி ஒன்று அந்தச் சிப்பை வைத்து ஒரு மாடல் இறக்குகிறது. ஜூலை 24 அன்று வர்ணிகாவின் காலாண்டு முடிவு. ஏறினால் இந்திராணியும் நானும் கடைசிவரை நிம்மதியாக இருக்கலாம். இறங்கினால் இருக்கிற வீட்டில் ஒரு பாகத்தை வாடகைக்கு விட வேண்டியதுதான்.

தாரணி அங்கே இருப்பது சூடு பார்க்கிற பிரிவில். சிப் எவ்வளவு சுடுகிறது என்று அளப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "அப்பா, கம்பெனி பத்தி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். நல்லதென்றேன். மகள் இருக்கிற கம்பெனியில் அப்பா பங்கு வைத்திருப்பது குற்றமில்லை. நான் அவள் சம்பளத்தில் சாப்பிடவில்லை, அவளைக் கேட்டு வாங்கவும் இல்லை. ஆனால் உள்ளே நடப்பது அவள் வாயால் என் காதுக்கு வந்துவிட்டால், அதன் பிறகு விற்றாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு. அடுத்தவன் தப்பைப் பிடித்தே தலை நரைத்தவன் நான். என்னை ஒருவன் பிடிக்க விடமாட்டேன். அதனால் இந்த வீட்டில் ஒரு சட்டம்: தாரணியிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

பார்ப்பதற்குத் தடை கிடையாது.

ஜூலை 1, செவ்வாய்

தாரணி முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். நேற்றும் முழுக்கை. காப்பி பாதி டம்ளரில் நிற்கிறது.

ஜூலை 3, வியாழன்

காலையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஆள் வந்து பார்த்துவிட்டு, வால்வு போய்விட்டது என்று புதுசு போட்டான். பழைய வால்வைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருப்பது போலத் தெரிந்தது. இவர்களை நம்ப முடியாது.

தாரணிக்கு மணிக்கொரு தரம் போன் வருகிறது. ஆபீஸ் என்கிறாள். போன் அடித்ததும் முகம் மாறிவிடுகிறது. இன்று வீடியோ கால். வாசல் அறையில் நின்றுகொண்டு, "ஆமாங்க, வீட்லதான் இருக்கேன். அப்பா பேப்பர் படிச்சிட்டிருக்காங்க. அம்மா உள்ள இருக்காங்க" என்று சொல்லி, போனைச் சுற்றிலும் திருப்பிக் காட்டினாள். ரகசிய வேலை என்றால் பக்கத்தில் வெளியாள் யாரும் இருக்கிறார்களா என்று மேலதிகாரி சரிபார்ப்பார்கள் போலிருக்கிறது. இவ்வளவு காவல் எதற்கு? சிப்பில் ஏதோ கோளாறு வந்திருந்தால்தான் இப்படிக் காவல் போடுவார்கள்.

பங்கு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பொரியல் தாளித்துக்கொண்டே இந்திராணி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, பொண்ணு சரியில்லீங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நானு கேக்கட்டுங்களா?"

"கேக்கப்படாது. அவ உன்கிட்ட சொன்னா நீ என்கிட்ட சொல்லுவ. ரெண்டும் ஒண்ணுதான்."

"நாம் பெத்த பொண்ணுகிட்ட ஏன் இளைச்சிட்டேன்னு கேக்கறதுக்குக்கூட சட்டம் பாக்கோணுங்களா?"

"கம்பெனி நெருக்கடில இளைச்சிருக்கா. அத கேட்டா கம்பெனி வெளிய வரும். பேசாம இரு."

கரண்டியைச் சட்டியில் கொஞ்சம் பலமாகவே தட்டினாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கோபத்துக்கு அதற்கு மேல் சத்தம் வந்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல வேளை, இன்று தப்பித்தேன்.

மாடியில் வற்றல் காயவைத்திருந்தது. காக்கை விரட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தாரணி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். மெதுவாக, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

நான் சட்டென்று கையை உயர்த்தினேன், நிறுத்து என்று. அவள் தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நானே ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். அவ்வளவு பதற்றத்தில் இருக்கிறாள்.

"சொல்லாத கண்ணு. நீ சொல்லிட்டா அப்பறம் நான் எதையும் விக்க முடியாது. உனக்கும் வேலை போயிரும். மனசுக்குள்ளயே வச்சுக்கோ. ரிசல்ட் வர்ற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரு."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். படியில் பாதியில் நின்று மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பாவமாக இருந்தது. பெற்ற மனசு எனக்கும் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மதிக்கிற குடும்பம் இது. அவளும் பெரிய பெண், புரிந்துகொள்வாள்.

சிப்பில் கோளாறு என்பது முக்கால்வாசி உறுதி. இருந்தாலும் சாட்சி வேண்டும். அழுகையை மட்டும் வைத்து நான் எந்தக் கிளை மேலாளர் மேலும் அறிக்கை எழுதியதில்லை.

ஜூலை 7, திங்கள்

குப்புராஜுவிடம் நடைப்பயிற்சியில் பேச்சுக் கொடுத்தேன். மில்லில் கணக்குப் பார்த்த மனிதர், என்னைப் பார்த்து வர்ணிகா வாங்கியவர். "ஒல்லி லேப்டாப் சூடாகும்னு சொல்றாங்களே, உண்மையா இருக்குமுங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, பொண்ணு ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று திருப்பிக் கேட்டார். இல்லையென்று சத்தியம் செய்தேன். உண்மைதானே.

ஜூலை 9, புதன்

சாட்சி கிடைத்தது.

தாரணி கொல்லைப்புறக் குழாயில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தாள். முன்கையின் உள்பக்கம் ஒரு தழும்பு. தீக்காயம், ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நேராக ஓடி, மறுபக்கம் வளைந்து வந்து, முனையில் கூராக முடிகிறது. லேப்டாப்பின் அடிப்பக்க ஓரம் அப்படித்தானே இருக்கும்.

நான் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே கையை மறைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மறைத்த கையை விட்டுவிட்டு, "என்னன்னு கேக்க மாட்டீங்களாப்பா?" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் கண் ஜன்னல் வழியாக உள்ளே மேஜை மேல் தெரிந்த அவளுடைய லேப்டாப் பக்கம் போய் வந்தது. அதை அவள் கவனித்துவிட்டாள்.

"லேப்டாப் சூடுங்கப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்தி முகத்தில் தெரியாமல் இருக்கப் பாடுபட்டேன். முடிந்ததா என்று தெரியவில்லை. அவள் தட்டுகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு உள்ளே போனாள்.

இது அவள் சொன்ன சேதியா, நான் பார்த்த சேதியா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். காயம் என் கண்ணில் பட்டது. பட்ட பிறகுதான் அவள் பேசினாள். ஆகவே பார்த்ததுதான் முந்தி. இருந்தாலும் அவசரப்படக்கூடாது. இன்னொரு சாட்சி வேண்டும், இவளோடு சம்பந்தப்படாத சாட்சி.

ஜூலை 10, வியாழன்

தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து இந்திராணி அவள் கையில் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இந்திராணி எழுந்து போய்விட்டாள். வீட்டில் எல்லோரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

ஜூலை 12, சனி

மாப்பிள்ளை மோகன்பிரபு காரில் வந்திறங்கினார். நாளைக்குத் தாரணியைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். மைசூர்பாகு, எனக்கு ஒரு நல்ல பேனா, இந்திராணிக்குப் புடவை. வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இவர் மேல் மட்டும் எனக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை. பேச்சு, உடை, பழக்கம், எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு.

இந்திராணி சமையலறை வாசலில் நின்றபடி, "ஆடி பொறக்கப் போகுதுங்க மாப்ள. ஆடி முடியற வரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டுங்களே" என்றாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்த பெண்ணுக்கு என்ன ஆடி? புதுப் பெண்ணைத்தானே ஆடிக்குத் தாய்வீட்டில் வைப்பது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். "அத்தைக்கு இன்னும் பொண்ணு புதுப்பொண்ணு" என்றார். இந்திராணி சிரிக்கவில்லை. தாரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டி கேட்டார். "குடுங்க மாப்ள, நான் தேச்சுத் தர்றேன்" என்று இந்திராணி வந்ததற்கு மறுத்துவிட்டார். காலர், தோள், கை என்று அவர் தேய்ப்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

"தாரணி தேச்சா கையில ரெண்டு மடிப்பு விழுந்துரும் மாமா. எத்தன தடவ சொன்னாலும் வராது" என்று சிரித்தார்.

தாரணி எழுந்து கொல்லைப்புறம் போனாள். செடிக்குத் தண்ணீர் விடப் போகிறாள் என்று நினைத்தேன். சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் நினைப்பெல்லாம் அந்தச் சிப் மேல்தான்.

நல்ல சமயம் என்று மாப்பிள்ளையிடம் பொதுவாகப் போட்டுப் பார்த்தேன். "இந்த ஒல்லி லேப்டாப்பெல்லாம் ரொம்ப சூடாகுமுங்களா மாப்ள? இவ கையில ஏதோ சுட்ட மாதிரி இருக்குது."

அவர் கை ஒரு நிமிஷம் சட்டை மேல் அப்படியே நின்றது. துணி பொசுங்கும் வாசம் வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார். "ஆமாங்க மாமா. இவ லேப்டாப் பயங்கர சூடு. பாத்து வேலை செய்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். இவ கேக்கறதில்ல. உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அதேதாங்க. லேப்டாப்புன்னா."

"அதானே" என்றார். மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டாவது சாட்சி. தனித்தனியாக விசாரித்தும் இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

காரில் ஏறும்போது தாரணி என் கையைப் பிடித்தாள். "அப்பா" என்றாள். உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டிச் சிரித்தேன், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. அவள் கையை விட்டாள். கார் திரும்புகிறவரை இந்திராணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே வந்து புரோக்கர் நம்பரைத் தேடினேன்.

ஜூலை 14, திங்கள்

எல்லாப் பங்கையும் விற்றுவிட்டேன். வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழேதான் போயிற்று. போகட்டும், அசலில் பெரும்பகுதி பிழைத்தது. குப்புராஜுவிடம் சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். இந்திராணி கோவிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலியாம்.

ஜூலை 21, திங்கள்

தாரணிக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். குளிக்கிறாளாம். மத்தியானம் செய்தேன். மாப்பிள்ளைதான். தூங்குகிறாளாம். வேலை நாளில் மத்தியானம் என்ன தூக்கம்? கோளாறு வெளியே வரப் போகிறது என்று கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்களோ என்னவோ. பாவம் பிள்ளை. வேலை போனாலும் பரவாயில்லை, இங்கே வந்து இருக்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

முடிவு வந்துவிட்டது. கோளாறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லாபம் இரண்டு மடங்கு. லேப்டாப் கம்பெனி அடுத்த மூன்று வருஷத்துக்கும் அவர்களிடமே சிப் வாங்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. "கையில் வைத்தால் குளிர்ச்சி" என்று விளம்பரமே செய்கிறார்கள்.

குப்புராஜு பூரிப்போடு போன் செய்தார். "உங்க புண்ணியமுங்க" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

பங்கு இன்று ஒரே நாளில் ஏற முடிந்த அளவுக்கு ஏறி நின்றுவிட்டது. வயிறு எரிகிறது. இதை எழுதக் கூச்சமில்லை.

காலையிலிருந்து ஒரே யோசனை. இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப் சூடு என்று இவளும் சொன்னாள், பயங்கர சூடு என்று அவரும் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு என்னை விற்கவைத்தார்களா? நான் விற்றதை வேறு பெயரில் இவர்களே வாங்கியிருப்பார்களோ? பெற்ற மகளை இப்படி நினைப்பது தப்புதான். ஆனால் இரண்டு சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும், அல்லது பேசிவைத்ததாக இருக்க வேண்டும். நான் இத்தனை வருஷம் பார்த்த வேலையில் மூன்றாவது வகை கிடையாது.

இந்திராணியிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு எல்லாமே பணந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 26, சனி

இன்னொன்றும் இருக்கலாம். சிப் சுடத்தான் செய்யும், விளம்பரம்தான் பொய். காந்திபுரம் கடைத்தெருவில் அந்த மாடல் வந்திருக்கிறது. போய் ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்காரப் பையன் மடியில் வைத்துப் பாருங்கள் சார் என்றான். கடையில் ஏசி ஓடுகிறது, எதை மடியில் வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். வீட்டில் வைத்துப் பார்க்கிறேன், அப்போது தெரியும்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் சினிமா ஓடவிட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அறையின் மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. லேப்டாப் வெதுவெதுவென்று இருந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. இந்திராணி வந்து பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 28, திங்கள். காலை

எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

இன்று லேப்டாப்பை வெயிலில் வைத்து ஓடவிட்டேன். அப்புறம் தாரணி கையில் பார்த்த அதே இடத்தில், என் முன்கையின் உள்பக்கத்தில், அதை அழுத்தி வைத்துக்கொண்டேன். சுட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வைத்திருந்தேன். சுடவில்லை. கையை எடுத்துப் பார்த்தபோது தோல் கொஞ்சம் சிவந்துகூட இல்லை. அடிப்பக்கத்து ஓரம் நாலு பக்கமும் நேர்க்கோடு. வளைவும் இல்லை, கூரான முனையும் இல்லை.

சிப் சுடவில்லை என்றால் வர வேண்டிய பணம் போயிற்று. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் தழும்பு பொய்யில்லை. என் கண்ணால் பார்த்தது. இது சுடவில்லையென்றால் அவளை எது சுட்டது?

இந்தக் கேள்வி எனக்கு வர இத்தனை நாளாகியிருக்கிறது.

இந்திராணி அறையில் என் வேட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கேட்டேன்.

"தாரணி கையில இருந்த தழும்ப பாத்தியா?"

"மருந்து போட்டுவுட்டதே நான்தானுங்க."

"என்னன்னு நெனச்ச?"

இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைத்தாள். அதன் அடிப்பக்கம் என்னைப் பார்த்து நின்றது. கீழே நேர், பக்கத்தில் வளைவு, மேலே கூரான முனை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை மேல் நின்றுபோன மாப்பிள்ளையின் கை ஞாபகம் வந்தது. பொசுங்கிய வாசம் ஞாபகம் வந்தது. உங்ககிட்ட என்ன சொன்னா என்று கேட்டாரே, அது ஞாபகம் வந்தது. நான்தான் அந்த மனிதருக்குப் பொய்யை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தாரணிக்கும் நான்தான் கொடுத்தேன், லேப்டாப் பக்கம் பார்த்து. மணிக்கொரு தரம் வந்த போன், சுற்றிலும் திருப்பிக் காட்டிய வீடியோ, நான் கையை உயர்த்தியதும் பின்னுக்குப் போன அவள் தலை, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றுகூடப் புரியவில்லை எனக்கு.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"யாரும் எதும் கேக்கப்படாதுன்னீங்க. கேக்காம நானு எதை வச்சுச் சொல்றதுங்க? ஆடிக்கு இருக்கட்டும்னேன். நீங்களும் அவருகூடச் சேந்து சிரிச்சீங்க."

போனை எடுத்தேன். "வேண்டாங்க" என்றாள். "போன் அவருகிட்டதான் இருக்கும். காருக்குச் சொல்லுங்க, நேர்லயே போயிரலாம்."

கார் வந்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

தாரணி உள்ளறையில் தூங்குகிறாள். இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாயவில்லை. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, முதலில் எங்களுக்குப் பின்னால் லிஃப்டைப் பார்த்தாள். இந்திராணி உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டு, "கெளம்பு சாமி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள அவளுக்கு அதிகம் இருக்கவில்லை. அதே பை, அதே லேப்டாப். இடது கன்னத்தில் புதிதாக ஒரு வீக்கம். இந்தத் தடவை அது என்னவென்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

கீழே கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை எதிரே வந்துவிட்டார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. என் கையில் பையைப் பார்த்தும் சிரித்தார்.

"என்னங்க மாமா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"ஆய்வுக்கு வர்றவன் சொல்லிட்டு வர மாட்டானுங்க மாப்ள."

சிரிப்பு நின்றது. "தாரணி, மேல போ" என்றார், சத்தம் போடாமல். தாரணியின் கால் உண்மையாகவே திரும்பியது. இந்திராணி அவள் தோளைப் பிடித்துக் காருக்குள் உட்காரவைத்தாள். நான் நடுவில் நின்றேன். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து எங்களைப் பார்த்தான். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஆள் பார்க்கிறார்கள் என்றதும் அவர் குரல் மறுபடி இனிப்பாகிவிட்டது. "வீட்ல உக்காந்து பேசலாங்க மாமா" என்றார். "பேசலாங்க. வக்கீலோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

காரில் எப்போதும் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவேன். நேற்று இந்திராணியை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் தாரணி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"மாடியில அன்னிக்கு ஒண்ணு சொல்லணும்னியே கண்ணு."

அவள் திரும்பவில்லை. "சொன்னா நீங்க விக்க முடியாதுன்னீங்களேப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் போட்ட சட்டத்தை எனக்கே ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"வித்தாச்சு கண்ணு. எல்லாத்தையும் வித்தாச்சு. விக்கறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. சொல்லு."

அப்புறம் அழுதேன். அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

கல்யாணமான முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். கேட்கக் கேட்கச் சில இடங்களில் போதும் நிறுத்து என்று கத்த வேண்டும் போல இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கோயம்புத்தூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.